பத்தே நிமிஷம்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் யாராவது கையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு, கடைப் பலகைகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றால் போதும், என் அறைத்தோழர் ஒருவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவாமல்கூட ஓடி வருவார். “எங்க போகணும்?” என்பார். எதிராளி எந்த இடத்தைச் சொன்னாலும் அவருடைய பதில் ஒன்றுதான்.

“நேராப் போங்க. ஒரு பெரிய மரம் வரும். வலது பக்கம் திரும்புங்க. பத்தே நிமிஷம்.”

சொல்லும்போது வலது கையை முழுக்க நீட்டுவார். நெட்டையான மனிதர், கையும் அதற்கேற்ற நீளம். அந்தக் கை நீண்டுவிட்டால் அதில் ஐயம் கொள்ள யாருக்கும் மனம் வராது. வெள்ளைக்காரர் கேட்டால், “ஸ்ட்ரெயிட், பிக் ட்ரீ, ரைட் சைட், டென் மினிட்ஸ்!” மலாய்க்காரர் கேட்டால் அதையே மலாயில் சொல்வார். சீனர் கேட்டால் மொழி இல்லை, கை மட்டும்தான். ஆனால் விரல்கள் பத்தையும் விரித்துக் காட்டத் தவறியதில்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அவரிடம் வழி கேட்டு எங்கெங்கோ போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் தேடிக்கொண்டு வரலாம்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் குடியிருந்தது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில். எட்டுப் பேர், எட்டுக் கட்டில், ஒரு ஜன்னல். அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வேலையும் ஒரே இடத்தில்தான், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கில். அவர் மூத்த கிராணி, அதாவது குமாஸ்தா; நான் புதுக் கிராணி. என்னைவிட ஐந்து வயதுதான் பெரியவர். ஆனாலும் எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தம்பி. அவருடைய மனைவியும் மகளும் நாகப்பட்டினத்துப் பக்கம் ஓர் ஊரில் இருந்தார்கள். நான் சிங்கப்பூரிலேயே பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் செம்பவாங்கில் இருந்தார்கள். கப்பல் மூட்டைகளை எண்ணியே பிழைத்த எனக்குக் கப்பலில் ஏறிப் பழக்கமில்லை.

எனக்கும் அவருக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை பொத்தோங் பாசிரிலிருந்து ஒரு கூட்டம் கல்யாண வீடு தேடி வந்தது. பத்துப் பேர், பட்டுப்புடவை, தட்டு, சீர், எல்லாம் இருந்தது. கல்யாணம் எங்கே என்பது மட்டும் தெரியவில்லை. இவர் கையை நீட்டினார். அவர்களும் நேராகப் போய், மரத்தைப் பார்த்து, வலது பக்கம் திரும்பி, ஒரு கல்யாண வீட்டை அடைந்து, பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டுவிட்டார்கள். ஆசீர்வாதம் செய்யப் போனபோதுதான் மாப்பிள்ளை வேறு யாரோ என்று தெரிந்திருக்கிறது. கூட்டத்தின் தலைவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து இவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்னய்யா, இப்படிப் பண்ணிட்டீங்க?”

“சாப்பாடு எப்படி இருந்துச்சு?” என்று இவர் அக்கறையாகக் கேட்டார்.

“சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம் என்னலா?”

அந்த மனிதருக்கு மீண்டும் வழி சொல்ல இவர் கையைத் தூக்கியபோது, நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

இன்னொருமுறை ஒரு கப்பல்காரன், வெள்ளைக்காரப் பையன், ரயில் நிலையம் எங்கே என்று கேட்டான். அரை மணி நேரம் கழித்து அவனே திரும்பி வந்தான். அடி விழப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். அவன் இவருடைய கையைக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினான். வலது பக்கம் திரும்பிய இடத்தில் பீர்க் கடை இருந்ததாம். இப்படி நூற்றில் ஒன்று அமைந்துவிடுவதால்தான் அவருக்குத் துணிச்சல் குறையவில்லை என்று நினைக்கிறேன்.

நானும் பட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தெம்பனிஸுக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாத்தனமாக அவரிடம் கேட்டுவிட்டேன். அப்போதெல்லாம் தெம்பனிஸ் என்றால் மண் ரோடு, தென்னை மரம், கோழிப் பண்ணை. அன்றைக்கு நான் போய் இறங்கிய இடம் கடற்கரை. அதிலிருந்தே எனக்கு ஒரு வைராக்கியம். இந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒருமுறை ‘தெரியாது’ என்ற சொல்லை வரவழைத்துவிட வேண்டும். அதற்கு நான் கொடுத்த விலைதான் மலை.

அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்த ஒரு சீன நண்பர் ஒருநாள் புகைப்படம் ஒன்றைக் காட்டினார். ஜொகூரில் இருக்கும் லேடாங் மலை உச்சியில் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். நாலாயிரம் அடிக்கும் மேல். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இவர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆமா, இந்தப் பாறைதான். நான் போயிருக்கேன்லா” என்றார்.

“எப்படிப் போறதுண்ணே?” என்றேன்.

“அடிவாரத்துலேருந்து நேராப் போகணும். ஒரு பெரிய மரம் வரும்...”

“மலை முழுக்க மரம்தானே அண்ணே?”

“இது அதைவிடப் பெரிசு. மேல ஒரு கோப்பிக் கடைகூட இருக்கு. கோப்பி நல்லா இருக்கும்.”

எனக்கு வந்த கோபத்தில், “அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை போவோமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “போவோமே” என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கிடங்கின் வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தன் அறைக்கு வரவேண்டும், அன்றைக்கு என் வேலையை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போவதாகச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதத்தில் நான் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதமாக வந்திருந்தேன். மூன்றாவது தாமதத்துக்கு மன்னிப்பில்லை என்று அந்த மனிதர் வாய்விட்டே சொல்லியிருந்தார். பொத்தோங் பாசிரில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பாவோ, வேலை நிரந்தரம் என்ற காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தேதி என்று சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணை நான் இரண்டு முறை பார்த்திருந்தேன். இரண்டாவது முறை அவள் சிரித்தாள். ஆகவே அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிதான் எனக்கு உலகம்.

மலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். “அதுக்கென்ன தம்பி, ஞாயித்துக்கிழமை சாயந்திரமே திரும்பிடலாம்லா” என்றார். ‘வேண்டாம்’ என்று அவர் சொல்லியிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. நானும் வீம்பை விடவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் ரயிலேறி சிகாமட்டில் இறங்கினோம். ஒரு கடையநல்லூர் ராவுத்தரின் சாப்பாட்டுக் கடை மாடியில் படுத்துக்கொண்டோம். ஞாயிறு விடிவதற்கு முன்பே பஸ் பிடித்துச் சாகிலில் இறங்கினோம். அங்கிருந்து ஒரு ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டினால் மலையடிவாரம். மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் கடைசி பஸ். அதைப் பிடித்தால்தான் சிகாமட்டில் ரயில், ரயிலைப் பிடித்தால்தான் எட்டு மணிக்குத் துரை.

அன்றைக்கு அவர் அணிந்திருந்தது வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட கறுப்புச் சப்பாத்து. கக்கத்தில் குடை. மலையேறப் போகிறாரா, வங்கியில் சேரப் போகிறாரா என்று கேட்டேன். “மேல நாலு பேரு இருப்பாங்கல்ல” என்றார். கோப்பிக் கடையை நம்பி நானும் தண்ணீர் ஒரு போத்தல்தான் எடுத்துவந்திருந்தேன். கோப்பிக் கடை பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அந்தக் கை நீண்டு சொன்னபோது நம்பியிருக்கிறேன் பாருங்கள்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கோயில் குங்குமம்.

“எதுக்குண்ணே?”

“வழியில மரத்துக்கு மரம் பொட்டு வச்சிட்டே போவோம். திரும்பும்போது பொட்டைப் பாத்துட்டே வந்துடலாம். நம்மகிட்ட பெயின்ட்டா இருக்கு?”

அவர் சொன்னதிலேயே இதுதான் புத்திசாலித்தனமாகப் பட்டது. அவரும் விரலை நனைத்து நனைத்து, திருப்பத்துக்கு ஒரு மரம் என்று அழகாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். ஐந்தாவது மரத்தருகில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். தோட்டத்துக்காரர். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“இது என்னா சாமிங்க? நாப்பது வருசமா இந்தத் தோட்டத்துல கெடக்கேன். எனக்கே தெரியாதே!”

நான் ஆவலோடு அண்ணன் முகத்தைப் பார்த்தேன். ‘சாமியெல்லாம் இல்லீங்க, வழிக்கு அடையாளம்’ என்று சொன்னால் முடிந்துவிடும். ஆனால் கேள்வி அது அல்லவே. கேள்வி ‘என்ன சாமி’ என்பது. அதற்குப் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

“மலைக்காவல் முனி” என்றார். “ரொம்பத் துடியானவரு. நாங்க சிங்கப்பூர்லேருந்து இதுக்குன்னே வர்றோம்.”

பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “மரத்துக்குப் பொட்டு வச்சா போதுங்களா?”

“போதும்.”

“ஒரு மரத்துக்கா, பல மரத்துக்கா?”

“எத்தனை மரத்துக்கு வைக்கிறீங்களோ, அத்தனை நல்லது.”

பெரியவர் ஆடுகளை விட்டுவிட்டுத் தோட்டத்து வீடுகளை நோக்கி வேகமாகப் போனார். அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று புரியவில்லை.

மலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏறினோம். வேரைப் பிடித்து ஏறினோம், பாறையைக் கட்டிப்பிடித்து ஏறினோம், சில இடங்களில் நான் அவருடைய குடையைப் பிடித்து ஏறினேன். அட்டைகள் எங்களை ஆசையோடு வரவேற்றன. வெள்ளைக் கால்சட்டை முதலில் பச்சையானது, பிறகு பழுப்பானது, பிறகு ஒரு முழங்கால் வெளியே வந்தது. “இன்னும் எவ்வளவு தூரம்ணே?” என்று ஏழு மணிக்குக் கேட்டேன். “பத்தே நிமிஷம்” என்றார். எட்டு மணிக்கும், ஒன்பதுக்கும், பத்தரைக்கும் அதே பத்து நிமிடம் மிச்சமிருந்தது. என் கைக்கடிகாரத்தின் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

பன்னிரண்டு மணி சுமாருக்கு ஒரு பாறை மேல் ஏறினோம். சுற்றிலும் மேகம். முன்னால் நின்ற அவரையே புகை மாதிரிதான் பார்க்க முடிந்தது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குக் குளிரில் பல் கிட்டியது.

“உச்சி வந்துடுச்சு தம்பி” என்றார்.

“எப்படிச் சொல்றீங்க?”

“இதுக்கு மேல என்னால முடியல. அப்ப இதுதானே உச்சி?”

“கோப்பிக் கடை?”

அவர் மேகத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “ஞாயித்துக்கிழமைல்ல? மூடியிருப்பான்” என்றார்.

நான் பாறையில் உட்கார்ந்து சிரித்தேன். எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று நினைவில்லை, வயிறு வலித்தது. அவர் ஒன்றும் புரியாதவர் மாதிரி வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியில் பெரியதாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். அந்த இட்லியைப் போல் ஒன்றை நான் பிறகு சாப்பிட்டதில்லை. அந்தப் பாறைதான் உச்சியா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இறக்கத்தில் பல இடங்களில் உட்கார்ந்தபடியே சறுக்கினோம். ஆனாலும் நாலரை மணிக்கெல்லாம் ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டோம். ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தது. காலையில் தோட்டத்தைக் கடக்க அரை மணிதான் ஆனது. முதல் மரத்தில் சிவப்புப் பொட்டு பளிச்சென்று இருந்தது. “பாத்தியா தம்பி?” என்றார் பெருமையாக. அடுத்த மரத்திலும் பொட்டு இருந்தது. அதற்கடுத்த மரத்திலும். அதற்குப் பக்கத்து மரத்திலும், எதிர் மரத்திலும்.

நான் நின்று சுற்றிலும் பார்த்தேன். ரப்பர்த் தோட்டத்தில் மரங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசையாகத்தான் நிற்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அந்த வரிசைகளில் ஒரு மரம் பாக்கியில்லாமல் குங்குமம் வைத்திருந்தார்கள். சிலவற்றுக்கு மஞ்சளும் பூசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டும் வேலை கிடையாது. பெரியவர் அத்தனை குடும்பங்களையும் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எத்தனை மரத்துக்கு வைக்கிறார்களோ அத்தனை நல்லது என்று சொன்னவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு பக்கம் நடந்தோம். பிறகு வேறு பக்கம் நடந்தோம். குரல் கொடுத்துப் பார்த்தோம், பதில் இல்லை. ஐந்தரை ஆனது. வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணே, நாளைக்கு எட்டு மணிக்கு நான் துரை முன்னாடி நிக்கலேன்னா என் வேலை போச்சு. வேலை போனா அந்தப் பொண்ணும் போச்சு. விளையாடாதீங்க. உங்களுக்கு வழி தெரியுமா, தெரியாதா?”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தெரியாது தம்பி.”

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். அவசரமாக அடுத்த கேள்வியைக் கேட்டேன். 

“பஸ் ஆறு மணிக்கு மேல நிக்குமா?”

“தெரியாது.”

“இங்க புலி இருக்குமாண்ணே?”

“தெரியாது.”

ஒருமுறை சொல்லிப் பழகிவிட்டதும் அவருக்கு அது சரளமாக வரத் தொடங்கிவிட்டது. நான் எதைக் கேட்டாலும் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து எந்தப் பக்கம் நடந்தாலும் அது தவறாகத்தான் இருக்கும் என்று பட்டது. பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையும் வந்தது.

“அண்ணே, எதையாவது சொல்லுங்கண்ணே” என்றேன்.

“என்ன சொல்றது?”

“எப்பவும் சொல்வீங்கள்ல, அதைச் சொல்லுங்க.”

“அது பொய்லா, தம்பி.”

“பரவால்ல. பொய்யாவே சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குடையை இடது கைக்கு மாற்றினார். வலது கை நீண்டது.

“நேராப் போவோம். ஒரு பெரிய மரம் வரும். வலது பக்கம் திரும்பினா, பத்தே நிமிஷம்.”

நான் எழுந்துவிட்டேன்! காலில் எங்கிருந்தோ பலம் வந்தது. நடந்துகொண்டிருக்கும்போதுதான் அவர் அதைச் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

“நான் கப்பல்லேருந்து எறங்கினப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. கையில ஒரு விலாசம் எழுதின காகிதம். துறைமுகம் கேட் வாசல்ல நின்னு போறவன் வர்றவன்கிட்டல்லாம் காட்டினேன். எல்லாரும் தெரியாது, தெரியாதுன்னுட்டுப் போயிட்டாங்க. நல்லவங்கதான், உண்மையைத்தான் சொன்னாங்க. நான் காலையிலேருந்து பொழுது சாயுற வரைக்கும் அதே இடத்துல நின்னேன். தெரியாதுன்னு சொன்னா மனுசன் அங்கேயே நின்னுடுவான், தம்பி. எதையாவது சொன்னா நாலடி நடப்பான். நடந்தா, அங்க வேற யாராவது இருப்பாங்க, அவங்ககிட்ட கேப்பான்ல.”

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. சிறிது தூரம் போனதும் மற்ற மரங்களைப் போலவே இருந்த ஒரு ரப்பர் மரத்தைக் காட்டி, “இதுதான் அந்தப் பெரிய மரம்” என்றார். ஆமாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். வலது பக்கம் திரும்பினோம். அரை மணி நேரம் நடந்திருப்போம், எங்கோ மேளச் சத்தம் கேட்டது.

அது தோட்டத்து வீடுகளை ஒட்டிய இடம். காலையில் பொட்டு வைத்த அந்த ஐந்தாவது மரத்துக்கு மாலை போட்டு, வேட்டி கட்டி, மூன்று பானைகளில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஓடி வந்து அண்ணன் காலில் விழப் பார்த்தார். “மலைக்குப் போயி முனியைப் பாத்துட்டு வர்றாரு சாமி!” என்று எல்லோருக்கும் சொன்னார். கிழிந்த கால்சட்டையும் அட்டை கடித்து இரத்தம் வழிந்த காலுமாக நின்ற அவரைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயபக்தியாகத்தான் இருந்தது. பஸ் எப்போதோ போயிருந்தது. ஆனால் சாமியை நடக்க விடுவார்களா? தோட்டத்து லாரியிலேயே எங்களைச் சிகாமட் ரயிலடியில் கொண்டுவிட்டார்கள். இலையில் கட்டிய பொங்கல் என் மடியில் சுட்டது.

மறுநாள் எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது துரையின் அறை வாசலில் நின்றேன். நிஜமான பத்து நிமிடம். வேலை நிரந்தரமானது. இடது காலுறைக்குள் ஓர் அட்டை அப்போதும் இருந்தது. அதைத் துரையிடம் சொல்லவில்லை. பொத்தோங் பாசிர்ப் பெண்ணோடு எனக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை அவரே விரும்பி ஏற்றுக்கொண்டதால், தாலி கட்டும்போது பந்தலில் பாதிப் பேர்கூட இல்லை.

சிங்கப்பூர் தனி நாடான பின் எல்லோரும் குடியுரிமைக்கு எழுதிப் போட்டோம். எங்கள் சந்தில் யார் எந்த அலுவலகத்துக்கு, எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று அவர்தான் கை நீட்டிச் சொன்னார். தனக்கு மட்டும் எழுதிப் போடவில்லை. நான் எத்தனையோ முறை சொன்னேன். “அடுத்த வாரம்லா” என்பார். என்ன காரணமோ, இன்றுவரை புரியவில்லை. அறுபதுகளின் கடைசியில் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. குடியுரிமை இல்லாத அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. நாகப்பட்டினக் கப்பலுக்குச் சீட்டு வாங்கினார்.

கிளம்பும் அன்று நானும் என் மனைவியும் துறைமுகத்துக்குப் போனோம். கையில் ஒரு தகரப் பெட்டி, கக்கத்தில் அதே குடை. வரிசை நகர்ந்து நகர்ந்து கப்பல் ஏணியின் அடிக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் நகரவில்லை. நான் கிட்டே போனேன்.

“என்னண்ணே?”

“மகளுக்கு இப்ப பதினாலு வயசு” என்றார். “நான் கடைசியாப் பாத்தப்ப இடுப்புல உக்காந்திருந்தா. அவளுக்கு என் முகம் தெரியுமா, தம்பி?”

ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனிதர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவருடைய ஊரை நான் பார்த்ததில்லை. அந்தக் கடலைத் தாண்டியதே இல்லை. தெரியாது என்பதுதான் உண்மை. அந்த வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்தது, வழக்கம்போல. அதை விழுங்கினேன்.

வலது கையை நீட்டினேன். என் கை அவ்வளவு நீளமில்லை, இருந்தாலும் நீட்டினேன்.

“எறங்கி நேராப் போங்கண்ணே. ஒரு பெரிய மரம் வரும். வலது பக்கம் திரும்புங்க. வாசல்லயே நிப்பா. பாத்ததும் அப்பான்னு ஓடி வருவா.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு கேட்டார்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“பத்தே நிமிஷம்.”

சத்தமாகச் சிரித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறத் தொடங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.

மேல்தளத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றாள். அவர் பெட்டியைக் கீழே வைப்பதும், அந்த நீளமான வலது கை நீள்வதும் கீழே நின்ற எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது.